தண்ணி டேங்க்கைத் தாண்டணும்

திரும்பவும் நின்னுடுச்சு. அதே இடம், தண்ணி டேங்க் வளைவு. ரெண்டு தடவை இருமி, ஒரு குலுக்கு குலுக்கி, "நான் வரலை, நீங்க போங்க"ன்னு சொல்ற மாதிரி ரோட்டோரமாப் போய் அடங்கிடுச்சு. நான் ஸ்டீயரிங்கை ஒரு குத்து குத்தினேன். ஸ்டீயரிங்குக்கு ஒண்ணும் ஆகலை, என் கைதான் வலிச்சுது.

"ஏங்க, பெட்ரோலைப் பாருங்க"ன்னேன்.

"காலையிலதானே ரொப்பினோம்?"

"பாருங்கன்னா பாருங்களேன்!"

எங்க வீட்டுக்காரர் இறங்கிப் பின்னாடி போனார். இந்த வண்டியில பெட்ரோல் காட்டுற முள் செத்து ரொம்ப வருஷமாச்சு. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுத்தான் பார்க்கணும். அது அவர் வேலை. பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விடறது என் வேலை. பக்கத்துல லாரிங்க ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போகுது, ஒவ்வொருத்தனும் தலையை வெளியே நீட்டி எங்களை வேடிக்கை பார்த்துட்டுப் போறான். பொம்பளை பானெட்டுக்குள்ள தலையை விட்டா அப்படி என்னதான் அதிசயமோ!

"நிறைய இருக்கு!"ன்னு பின்னாடியிருந்து குரல் வந்துச்சு.

நான் ஈரத்துணியைப் பிழிஞ்சு காயில் மேல சுத்தினேன். காயில்ங்கறது பிளக்குக்கு நெருப்புப்பொறி அனுப்புற சின்ன குப்பி. சூடாயிட்டா மக்கர் பண்ணும். கொஞ்ச நேரம் அட்டையால விசிறிவிட்டு சாவியைத் திருப்பினா, எதுவுமே நடக்காத மாதிரி டர்ர்ருன்னு கிளம்பிடுச்சு.

"பார்த்தீங்களா? சூடுதான்"னேன். இதையே எத்தனை தடவை சொல்லிட்டேன்னு அவரும் கேட்கலை, நானும் எண்ணலை.

இந்த வண்டி எங்க அப்பா விட்டுட்டுப் போனது. எனக்கும் அக்காவுக்கும் பொது. ஷெட் இருக்கறது என் வீட்டுல, அதனால வண்டியும் என் வீட்டுல. வட்டமான முகப்பு விளக்கு, சோபா மாதிரி சீட்டு, மழை பெஞ்சா உள்ளேயும் கொஞ்சம் தூறும். அக்காதான் இதுக்கு மாப்பிள்ளைன்னு பேர் வெச்சா. அவ்வளவு முறுக்கு! கெஞ்சணும், கொஞ்சணும், எல்லாரும் கூடி நின்னு கும்பிடணும், அப்புறம்தான் ஐயா வாசப்படி தாண்டுவார். வீட்டோட நிஜ மாப்பிள்ளை எங்க வீட்டுக்காரர். அந்தப் பட்டத்தை வண்டி பிடுங்கிக்கிச்சு, அவரை அக்கா தம்பின்னுதான் கூப்பிடறா.

நான் கார் மெக்கானிக் இல்லை. துணி ஃபேக்டரியில தையல் மிஷின் ரிப்பேர் பண்றவ. ஒரு ஹால் நிறைய மிஷின், எது எந்த நேரத்துல என்ன வியாதி சொன்னாலும் கையை வெச்சதும் சொல்லிடுவேன். அந்தத் திமிர்லதான் இதுல கையை வெச்சேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாயிடுச்சு.

அக்கா மட்டும் கேட்கலைன்னா இந்தப் பாடு எனக்கு எதுக்கு? அக்கா டிரைவிங் ஸ்கூல் டீச்சர். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கத்துக்கொடுத்தவ. என்னையும் சேர்த்துத்தான். "கண்ணாடியைப் பாரு, கண்ணாடியைப் பாரு"ன்னு அவ கத்தினது இன்னும் காதுல இருக்கு. அவளுக்குக் கண்ணு கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டிருக்கு. "நடுவுல பளிச்சுன்னுதான்டி இருக்கு. ஓரம்தான் யாரோ திரையை இழுத்துக்கிட்டே வர்ற மாதிரி"ம்பா. ஸ்கூலை மூடிட்டா. கண் டாக்டர் கறாரா சொல்லிட்டார்: மாசக் கடைசியில மறுபடி பரிசோதனை, அதுவரைக்கும் பகல்ல, பக்கத்துல ஆளை வெச்சுக்கிட்டு மெதுவா ஓட்டலாம். அதுக்கப்புறம் ஓட்டலாம்னு எழுதித் தர மாட்டாராம்.

"ஸ்கூல்ல நான் ஓட்டினது பூராவும் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து பிரேக் மிதிச்சதுதான்டி. எனக்குன்னு ஓட்டினது மாப்பிள்ளை ஒருத்தனைத்தான். அவனை எழுப்பு. ஒரே ஒரு தடவை நல்லா ஓட்டிட்டு சாவியை உன்கிட்ட கொடுத்துடறேன்"னா. அவ எதுவும் கேட்கறவளே இல்லை. கேட்டுட்டா.

எழுப்பினேன். பேட்டரி, பிரேக், டயர், விளக்கு, எல்லாம். ஷெட்டுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவுல ஒரே ஒரு கதவு. வீடு முழுக்க கிரீஸும் ஆயிலும். காபியில கூட பெட்ரோல் வாசம் அடிச்சுது. ஒரு நாள் தாங்காம நான் கத்தினதுல எங்க வீட்டுக்காரர்தான் என்னத்தையோ பண்ணி நாத்தத்தை நிறுத்தினார். அவர் குழாய் ரிப்பேர்காரர். எங்கேயாவது கசியுதுன்னா அவருக்குத் தூக்கம் வராது. விருந்துக்குப் போன வீட்டுல கூட குழாய் சொட்டுற சத்தம் கேட்டா, சாப்பாட்டை விட்டுட்டுப் பையைத் திறந்துடுவார். அந்த ஒரு விஷயத்துலயாவது நிம்மதின்னு நினைச்சேன்.

அப்புறம்தான் வண்டியை ரோட்டுல இறக்கினேன். தண்ணி டேங்க் வரைக்கும் வெண்ணெய் மாதிரி ஓடிச்சு. அங்கே போய் செத்துச்சு. அன்னையிலேருந்து இதே கதைதான்.

ஸ்பேர் கடைக்காரர்கிட்ட போனேன். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு உட்கார்ந்திருப்பார்.

"வாங்கம்மா. சார் வரலையா?"

"எதுக்கு?"

"இல்லை, வண்டிக்கு என்னன்னு அவர் சொன்னா..."

"அவருக்குக் குழாய்தான் தெரியும். குழாய் வாங்கறப்ப கூட்டிக்கிட்டு வரேன். காயில் எடுங்க."

எடுத்தார். மாத்தினேன். நின்னுச்சு. அடுத்து காயிலுக்குத் துணையா இருக்கற கன்டென்சர், அதையும் மாத்தினேன், அதுக்கும் நின்னுச்சு. பெட்ரோலையும் காத்தையும் கலக்கற கார்பரேட்டரைக் கழட்டி, சமையல்கட்டு மேடையில பேப்பர் விரிச்சு, பெட்ரோல் பீச்சற, துளித் துளியா இருக்கிற ஜெட்டையெல்லாம் ஊதிச் சுத்தம் பண்ணி மாட்டினேன். எங்க வீட்டுக்காரர் அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டை மடியில வெச்சுக்கிட்டுச் சாப்பிட்டார். அதுக்கும் மாப்பிள்ளை மசியலை. சாண் ஏறினா முழம் சறுக்கும்னு சொல்வாங்க, நான் அந்தச் சாண் கூட ஏறலை.

வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சற மாதிரி கடைக்காரர் வேற, "இந்த மாதிரி வண்டியெல்லாம் கொஞ்சம் பொறுமையா பார்க்கணும்மா"ன்னார். எனக்குப் பொறுமை இல்லையாம்! ஊசி நுனியில நூல் ஏன் அறுந்துச்சுன்னு நாள் பூரா குனிஞ்சு பார்க்கறவ நான். வாயில வந்ததை முழுங்கிட்டு பெட்ரோல் பில்டரை வாங்கிக்கிட்டு வந்தேன்.

அக்கா ஞாயித்துக்கிழமை தவறாம பஸ் ஏறி வந்துடுவா. தோள் பையில ஒரு ஜோடி தட்டைச் செருப்பு இருக்கும். வண்டி ஓட்டறப்ப மட்டும் போடுற செருப்பு. வாரா வாரம் கொண்டு வருவா, வாரா வாரம் அப்படியே திரும்ப எடுத்துக்கிட்டுப் போவா. அதைப் பார்க்கறப்பல்லாம் எனக்குப் பாவமா இருக்கும். பாவமா இருந்தா கோபம்தான் வரும், என் சுபாவம் அப்படி.

ஒரு ஞாயித்துக்கிழமை உள்ளே வர்றப்ப கதவு நிலையில தோளை இடிச்சுக்கிட்டா. நான் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.

"இன்னைக்கு எதுவரைக்கும் போனான்?"ன்னு கேட்டா.

"எங்கே போவான்? டேங்க் வரைக்கும்தான். தண்ணி பிடிக்கப் போறானோ என்னமோ!"

அக்கா சிரிச்சா. அப்புறம், "அதுவரைக்கும் நல்லா ஓடுதுல்ல? நான் ஓட்டறேன்டி. டேங்க்கிட்ட நின்னா நிக்கட்டும். எனக்கு அது போதும்"னா.

"அதெல்லாம் வேண்டாம்."

"ஏன்டி?"

"நடு ரோட்டுல பொசுக்குன்னு நின்னா? பின்னாடி லாரி வந்து ஏத்தினா? நான் முழுசா சரி பண்ணித் தரேன். அரைகுறையா ஓட்டறதுக்கா இவ்வளவு நாள் நாயா உழைச்சேன்?"

"அவங்க ஆசைப்படறாங்கம்மா. நானும் கூட உட்கார்ந்துக்கறேன்"னு எங்க வீட்டுக்காரர் நடுவுல வந்தார்.

"நீங்க சும்மா இருங்க! உங்களுக்கு என்ன தெரியும்?"

அக்கா செருப்பைக் கையில எடுத்துத் தூசியைத் தட்டிட்டு மறுபடி பைக்குள்ள வெச்சா. "சரிடி. நீ சொன்னா சரி. ஆனா மாசம் ஓடுது, பார்த்துக்கோ"ன்னா.

மாசம் ஓடத்தான் செஞ்சுது, வண்டிதான் ஓடலை. அடுத்த வாரம் பெட்ரோல் பம்ப்பைக் கழட்டிப் புதுசு மாட்டினேன். இதுக்கு மேல மாத்தறதுக்கு வண்டியில ஒண்ணுமில்லை, என்னையும் அவரையும் தவிர. பரிசோதனைக்கு அக்கா போக வேண்டிய நாள் திங்கக்கிழமை. அன்னைக்கு சனிக்கிழமை.

ரோட்டுல இறக்கி மானம் போனது போதும்னு, ஷெட் கதவை விரியத் திறந்துவெச்சு, நின்ன இடத்துலேயே இஞ்சினை ஓடவிட்டேன். அப்பப்ப ஆக்சிலேட்டரை மிதிச்சேன். ஓடிச்சு, ஓடிக்கிட்டே இருந்துச்சு. மனசுக்குள்ள ஒரு சின்ன விளக்கு ஏத்தலாமான்னு பார்த்தேன். இருமிச்சு. குலுக்கிச்சு. செத்துச்சு.

நான் கையில இருந்த ஸ்பேனரை வீசினேன். அது பெயின்ட் டப்பாவுல பட்டு, டப்பா உருண்டு போச்சு. தரையிலேயே உட்கார்ந்துட்டேன். அழுகை வந்துச்சு. என்னால முடியலைன்னு வாய்விட்டுச் சொன்னேன். ஒரு ஹால் மிஷினை அடக்கறவளுக்கு ஒரு கிழட்டு வண்டி அடங்கலை, அக்கா ஒண்ணே ஒண்ணு கேட்டா, அதைக் கொடுக்க வக்கில்லை.

எங்க வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னார். என்ன பண்றதுன்னு தெரியாம, "நான் வேணா பெட்ரோலைப் பார்க்கட்டுமா?"ன்னார்.

"பாருங்க. அதையாவது பாருங்க."

அவர் பின்னாடி போய் மூடியைத் திருகினார். தெருவுல அந்த நேரம் ஒரு சத்தமும் இல்லை. உஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம், நல்லா நீளமா கேட்டுச்சு.

நான் மூக்கை உறிஞ்சறதை நிறுத்தினேன். "அது என்ன சத்தம்?"

"எது?"

"இப்ப உஸ்ஸுன்னுச்சே!"

"அதுவா? அது எப்பவும் வர்றதுதானே."

"எப்பவும்னா?"

"மூடியைத் திறக்கறப்பல்லாம் வரும்மா. நல்லா இறுகியிருக்குன்னு அர்த்தம். ஒரு துளி காத்து போகாது." முகத்துல அப்படி ஒரு பெருமை! குழாய்க்காரர் கண்ணுக்கு அது வேலை சுத்தமா முடிஞ்சதுக்கு அடையாளம்.

எழுந்து போய் மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் நடுவுல, பட்டாணி அளவுக்குச் சாம்பல் கலர்ல ஒரு பசை. ரெண்டு உருண்டையைச் சேர்த்துப் பிசைஞ்சு ஒட்டுவாங்களே, குழாய் ஓட்டை அடைக்க, அந்தப் பசை. கல்லு மாதிரி இறுகிக் கிடந்துச்சு. மேல அவர் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிஞ்சிருந்துச்சு.

"இங்கே ஒரு ஓட்டை இருந்துச்சா?"

"ஆமா, குண்டூசி நுழையற மாதிரி. அதுவழியாத்தான் நாத்தம் வந்துக்கிட்டிருந்தது. அடைச்சுட்டேன்."

அந்த ஓட்டையை வண்டி பண்ணினவன் வேணும்னுதான் வெச்சிருக்கான்! பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து உள்ளே போகணும். போகலைன்னா, பாட்டில்ல வாயை அழுத்தி வெச்சு மூச்சு விடாம உறிஞ்சற மாதிரிதான், கொஞ்ச நேரத்துல ஒண்ணும் வராது. நடு ரோட்டுல ஒவ்வொரு தடவையும் இவர் மூடியைத் திறந்தார், காத்து உள்ளே போச்சு, வண்டி உயிர் வந்து எழுந்துச்சு. நான் ஈரத்துணியைப் பிழிஞ்சுக்கிட்டு "சூடுதான், சூடுதான்"னு பேசிக்கிட்டிருந்தேன். லாரி சத்தத்துல உஸ்ஸும் கேட்கலை, ஒரு மண்ணும் கேட்கலை. கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைஞ்சிருக்கேன்!

"ஏங்க, சொல்லவேணாமா? ஒரு வார்த்தை சொல்லவேணாமா?"

"நீதானே நாத்தம் தாங்கலைன்னு கத்தினே? நின்னுதுல்ல, அதான் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்." குரல் இறங்கிப் போச்சு. "நான் பண்ணினதாலேயா இவ்வளவும்?"

அந்த முகத்தைப் பார்த்துட்டு என்னத்தைத் திட்டறது? மூடியை மேஜைக்குக் கொண்டுபோய், இருக்கறதுலேயே சின்ன டிரில் பிட்டைக் கையாலேயே திருகித் திருகிப் பசையைக் குடைஞ்சேன். அவர் பக்கத்துல டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னார். தான் அடைச்ச ஓட்டையைத் தன் கண்ணு முன்னாடியே திறக்கறாங்களேன்னு அவருக்கு உள்ளூர வருத்தம்தான், எனக்குத் தெரியும்.

சாயங்காலமே ஒரு ஓட்டம் போனோம். டேங்க் வந்துச்சு, போச்சு. அடுத்த வளைவு, அதுக்கு அடுத்த வளைவு, ரயில்வே கேட். அங்கேயிருந்து அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.

"தாண்டிட்டான்க்கா! தாண்டிட்டான்!"

"காலையில முதல் பஸ்ஸுக்கு வரேன்"னா.

வந்தா. செருப்பை எடுத்துப் போட்டுக்கிட்டா. சீட்டை முன்னாடி இழுத்தா, கண்ணாடியைச் சரி பண்ணினா, ரெண்டு கையையும் ஸ்டீயரிங்ல வெச்சு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்தா. நான் பக்கத்துல, அவர் பின் சீட்டுல. கிளட்சை விட்டா பாருங்க, வண்டி கிளம்பினதே தெரியலை. என் கையில முரண்டு பிடிக்கிற கியர் அவ கையில பேசாம விழுது. மாப்பிள்ளைக்கு ஆளைப் பார்த்துத்தான் முறுக்கு போல.

"இத்தனை நாளா இவனை நீ என்னதான்டி பண்ணினே? தங்கம் மாதிரி ஓடறான்"னா. முகம் பூரா சிரிப்பு.

தண்ணி டேங்க் வந்துச்சு. பின் சீட்டுல அவர் முணுமுணுன்னு எதையோ வேண்டிக்கிட்டார். தாண்டினோம். மூணு பேரும் ஒரே நேரத்துல "ஹோ"ன்னு கத்தினோம்.

டேங்க்குக்கு அப்புறம் என் பக்கமா ஒரு சந்து வந்து ரோட்டுல சேரும். அதுலேருந்து ஒரு சைக்கிள்காரர் வந்தார். வேகமா ஒண்ணும் வரலை. சாதாரணமா, கேரியர்ல ஒரு மூட்டையை வெச்சுக்கிட்டு வந்தார். எனக்கு அவரை நல்லாத் தெரிஞ்சுது. அக்காவுக்கும் தெரியும்னு நினைச்சுக்கிட்டு ஒரு நொடி பேசாம இருந்துட்டேன்.

"அக்கா! பிரேக்!"

மிதிச்சா. அந்தக் கால் அப்படிப் பழகின கால். வண்டி குத்துக்கல்லா நின்னுச்சு. சைக்கிள் பானெட்டுக்கு ஒரு முழம் முன்னாடி ஆடி, சாய்ஞ்சு, நிமிர்ந்துச்சு. அந்த ஆள் காலை ஊணிக்கிட்டுத் திரும்பி, "கண்ணு தெரியலையா?"ன்னு கத்தினார். ரோட்டுல யாரும் யாரையும் கேட்கறதுதான். நானே எத்தனை பேரைக் கேட்டிருக்கேன்.

அக்கா கதவுக் கண்ணாடியை இறக்கினா. "ஆமாங்க, தெரியலை. மன்னிச்சுக்குங்க"ன்னா.

அந்த ஆள் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டார். இஞ்சின் நிக்காம ஓடிக்கிட்டே இருந்துச்சு, அப்படி ஒரு சீரா. நாங்க நாய் படாத பாடுபட்டு வர வெச்ச சத்தம் அது. அக்கா வண்டியை ஓரமா ஒதுக்கினா. சாவியைத் திருப்பி அவளே அணைச்சா.

"இந்த மாச ஆரம்பத்துல அந்த சைக்கிள்காரர் என் கண்ணுல பட்டிருப்பார்டி"ன்னா.

அவ குத்திக்காட்டறவ இல்லை. இருக்கறதைச் சொன்னா, அவ்வளவுதான். டேங்க் வரைக்கும் போதும்னு கேட்டாளே, அன்னைக்கே கொடுத்திருக்கலாமே. மூடி மேல கோபம், எங்க வீட்டுக்காரர் மேல கோபம், சந்துலேருந்து வந்த மனுஷன் மேல கூடக் கோபம். எல்லாத்தையும் விட என் வாய் மேலதான். பின் சீட்டுலேருந்து அவர் கை வந்து என் தோள்ல உட்கார்ந்துச்சு. தட்டி விடலை.

"அக்கா, நீ வேணா இங்கேயிருந்து வீடு வரைக்கும்... மெதுவா..."

"போதும். கேட்டது கிடைச்சுடுச்சு, டேங்க்கைத் தாண்டிட்டேன்." சாவியை எடுத்து என் மடியில போட்டா. "இறங்கி இந்தப் பக்கம் வா. இறங்கறப்ப பின்னாடி பார்த்துட்டுக் கதவைத் திற."

இடம் மாறினோம். அவ சுத்தி வர்றப்ப வண்டியோட உடம்பை ஒரு கையால தடவிக்கிட்டே வந்தா. நான் சாவியைத் திருப்பினேன். முதல் தடவையிலேயே பிடிச்சுக்கிச்சு. கிளட்சை அவசரமா விட்டேன், வண்டி தவளை மாதிரி ஒரு குதி குதிச்சுது.

"இதையா நான் உனக்குக் கத்துக்கொடுத்தேன்? முழுசா மிதி. மெதுவா விடு. என்ன அவசரம், யாரு துரத்தறா?"

"வீட்டுக்குத் திரும்பட்டுமாக்கா?"

"எதுக்கு? நேரா போ. இவ்வளவு கஷ்டப்பட்டது இங்கேயிருந்து திரும்பவா?" மடியில கையைக் கோத்து வெச்சுக்கிட்டு முன்னாடியே பார்த்தா. கழுத்து கூடத் திரும்பலை. "கிளம்பறதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பாரு. இனிமே எனக்கும் சேர்த்து நீதான் பார்க்கணும்."

பார்த்தேன். பின்னாடி ஒரு லாரி வந்துக்கிட்டிருந்தது. அது போகட்டும்னு நின்னு, அப்புறம் வண்டியை எடுத்தேன்.